தலையில்லாத பந்துக்காரன்

ஜெபமலர் அப்பாவுக்குத் தோத்திரம். முட்டுவலி தேவலையா? ஓட்டலில் தேங்காய் துருவித் துருவி என் தோள்தான் கொஞ்சம் முனகுகிறது, வேறு குறையில்லை.

என் கம்மலை விற்று, பந்தாட்ட டீமின் டோக்கனைச் செல்போனில் வாங்கினால் டீமில் நமக்கும் பங்கு வரும் என்று மருமகன் செல்வின் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இங்கே நடந்ததைக் கேளுங்கள். எங்கள் ஓட்டல் இருக்கிற சாலை பஜாரில் சுமை தூக்குகிறவர்கள் உலகக்கோப்பைக்குப் பிடித்த ஆட்டக்காரனின் கட்டவுட் வைப்பார்கள். இந்த முறை அதற்குப் பிரித்த காசை அவர்களில் ஒருவனான விபின் அந்த டோக்கனில் போட்டான். "டீம் ஜெயிச்சா இரட்டியாகும் அம்மச்சி" என்றான். டீம் ஜெயித்தது. அன்றைக்கே டோக்கனை மொத்தமாக வாங்கி வைத்திருந்த பெரிய ஆட்கள் விற்றுவிட்டு ஓட, டோக்கன் விலை விழுந்துவிட்டது. பங்கும் கிடையாதாம், கோல் போட்டால் எந்தப் பாட்டு வைக்கலாம் என்று ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான்.

மிஞ்சிய காசுக்குக் காலிலிருந்து இடுப்பு வரைதான் கட்டவுட் வந்தது. "ஏடா விபினே, தலை எவிடெடா?" என்று காய்கறிக்கடை நாச்சியார் தினமும் கேட்கிறாள். "டோக்கன்ல இருக்கு" என்கிறான்.

ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட என் வளையலைக் கழற்றியபோதும் "இந்த ஒரு தடவைதான்" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் போட்டிருந்த நீலச் சட்டைகூட எனக்கு மறக்கவில்லை. கம்மல் என் காதிலேயே இருக்கும்.

பேத்தி லிபியை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துச் சண்டை எதுவானாலும் சொல்லட்டும், கேட்கிறேன்.

கம்மல் வேண்டுமானால் தம்பானூர் ஸ்டேஷனில் வந்திறங்கி நேரில் கேளுங்கள். தரமாட்டேன். வரும்போது கருப்பட்டி கொண்டுவாருங்கள்.

உலை கொதிக்கிறது.

ஞானபாய்