இரண்டு டப்பாவும் என்னுடையவை

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதினேன், அடித்துவிட்டேன், பொய் சொல்லித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால் கடிதம்.

அம்மா சமைக்கிற பள்ளியில் பதினோரு பிள்ளைகளுக்கு டைபாய்டு வந்தது உனக்குத் தெரியும். பத்துப் பேர் தேறிவிட்டார்கள். தையல்காரர் மகளுக்கு மட்டும் குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் ஆகி, இன்னும் கண் திறக்கவில்லை. சமையலறையில் கைவைத்த எல்லோரும் மலப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சுகாதார ஆய்வாளர் வந்து ஆளுக்கொரு டப்பா கொடுத்தார். காலையில் அம்மாவோடு போய்ப் பிள்ளைகளுக்குப் பழம் நறுக்குவது நான்தானே, எனக்கும் ஒன்று. இதையெல்லாமா டப்பால போட்டுக் குடுப்பாங்க, மானம் போகுது, நான் மாட்டேன் என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று இரண்டு டப்பாவையும் நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். நீ கக்கூஸ் போனப்ப உன்னோடதுலேந்து எடுத்துக் குடுத்துட்டேன் என்று அம்மாவிடம் பொய் வேறு சொன்னேன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் மூளை இவ்வளவுதான் ஓடும்.

கிருமியின் ஜீனோமை, அதாவது அதன் மரபணுவை, எழுத்து விடாமல் படித்துப் பார்த்தார்களாம். பிள்ளைகளிடம் இருந்ததும் எங்கள் இரண்டு டப்பாவில் இருந்ததும் அச்சு அசல் ஒன்று. அதன் சொந்தபந்தமெல்லாம் நீ இருக்கிற துறைமுக ஊர்க் கிருமிகளாம். அங்க யாரு போய் வந்தாங்க என்று ஆய்வாளர் கேட்டதும் என் நாக்கு முந்திக்கொண்டது, எங்க பொண்ணு அங்கதான் சார் இருக்கா, போன வருஷம் வந்துட்டுப் போனா என்றேன். நீ கொண்டுவந்தது, அம்மாவுக்குத் தொற்றி, அவள் கையிலிருந்து எனக்கும் பிள்ளைகளுக்கும் போனது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு வேலை போயிற்று. எம்பொண்ண இழுக்காதீங்க, எல்லாம் என் கை பண்ணின பாவம் என்று அந்தக் கையைத் தோல் உரியத் தேய்த்துக் கழுவுகிறாள். நாலு நாளாகச் சாப்பிடவில்லை. எனக்கு மேற்கொண்டும் ஒட்டிவிடக் கூடாதென்று என் தட்டை மட்டும் தனியாக வைக்கிறாள், நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஆய்வாளர் போன் பண்ணினார். இப்போது அங்கே பரவுகிற கிருமிக்கு வந்திருக்கிற மாற்றம் ஒன்றுகூட இதில் இல்லையாம், இருபத்தைந்து வருஷம் முன்னால் அங்கிருந்து பிரிந்துவந்த கிளையாம், அப்ப உங்க வீட்ல யாரு அங்க இருந்தாங்க என்று கேட்டார். யோசிச்சுச் சொல்றேன் சார் என்று வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது, நீ கைக்குழந்தையாக இருந்தபோது அங்கே கிரேன் ஓட்டியது நான், மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்து, அது விட்டதும் மாத்திரையைப் பாதியில் தூக்கிப் போட்டதும் நான். காய்ச்சல் போனாலும் அந்தக் கிருமி பித்தப்பையில் குடித்தனம் நடத்துமாம். என்னைப் பிடித்த ஒரே ஜீவன் அதுதான் போலிருக்கிறது.

ஒரு நாள் முழுக்க வாய் திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கிறாள். உனக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது, அதற்குத்தான் இது. போட்டுவிட்டு நேரே வந்து அவளிடம் சொல்லுவேன், அப்புறம் ஆய்வாளரிடம், அப்புறம் தையல்காரரிடம், அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அம்மா என்னை என்ன வேண்டுமானாலும் திட்டட்டும், திட்டுவதற்காவது எழுந்து உட்காரட்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொள். என்மேல் கோபம் என்றால் என்னோடு பேச வேண்டாம், அம்மாவோடு பேசு, உன் கை இல்லம்மா என்று நீயும் ஒரு தடவை சொல்லு, நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

உன்மேல் பழி போட்ட,
அப்பா