உன் இடது கன்னம்

மூலை உடைந்த அந்த வெள்ளை டைல்ஸ் இன்று காலை கையில் கிடைத்தது. கல்லறைத் திருநாள் வருகிறதே என்று வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். அரிசி டின்னுக்கு அடியில் கிடந்தது. ஈரம் ஏறாமல் இருக்க நானேதான் வைத்திருக்கிறேன். நீ பார்த்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

செராமிக் யூனிட்டில் நாம் கப்புகளுக்குப் பூப்படம் ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்தால் நீ போனைத் திறப்பாய். அடுக்கி வைத்த கப்புகளின் மேல் அதைச் சாய்த்து, பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு ஜன்னலோரம் ஓடி உட்காருவாய். வெளிச்சம் உன் இடது கன்னத்தை உரசிக்கொண்டு விழ வேண்டும். மறுபக்கம் இருண்டுவிடாமல் இருக்க, இந்த டைல்ஸை உன் முகத்துக்குக் கீழே நான் பிடிக்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் எறக்குடி. கண்ணுல வெளிச்சம் வரணும்."

அந்தக் கன்னத்தில்தான் தழும்பு. சின்ன வயதில் கொதிக்கும் எண்ணெய் தெறித்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய போட்டோவில் ஸ்டுடியோக்காரர் யாரையும் கேட்காமல் அதை அழித்து, உன்னை வெள்ளையாகவும் ஆக்கியிருந்தார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்தவர்கள் நேரில் பார்த்ததும், "போட்டோவுல இது இல்லீங்களே" என்றார்கள். கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். ஏமாற்றியது என்னவோ நீதான் என்பதுபோல ஊரே பேசியது. அதற்குப் பிறகுதான் உன்னை நீயே படம் எடுக்க ஆரம்பித்தாய்.

என்னையும் ஒருநாள் உட்கார வைத்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது.

"பல்லக் காட்டாத. கேமராவுக்குப் பின்னாடி ஒன்ன ஏமாத்துனவங்க நிக்கிறாங்கன்னு நெனச்சிக்க. அப்படியே மூச்ச வுடு. அப்ப வரும் பாரு நெசமான மூஞ்சி."

எனக்கு வரவில்லை. உனக்கு வந்தது. தழும்பு நரம்பு நரம்பாகத் தெரிய, நேராகப் பார்க்கிற அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டுச் சொன்னாய்: "நான் செத்தா இதத்தான் போடணும். எவனையும் கை வைக்க வுடாத."

"சாவுறத அப்புறம் பாக்கலாம். மொதல்ல சோத்தத் துன்னு" என்றேன்.

அடுத்த வருடமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. முப்பதாம் நாள் பூசைக்குள் கல்லறையில் உன் படத்தைப் பதிக்க வேண்டும் என்று உன் தம்பி என்னிடம் கேட்டான். சொன்னபடி அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் செய்தான்.

"அக்கா, அந்தத் தழும்ப மட்டும் எடுத்துடச் சொல்லட்டுங்களா? கடைசியாவாவது அதுக்கு மூஞ்சி சுத்தமா இருக்கட்டுமே."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். "சரி தம்பி, எடுத்துடச் சொல்லு" என்றேன்.

அவன் மேல் பழி போட எனக்கு வாய் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன்னோடு பேசிய அத்தனை வருடங்களும் நான் உன் வலது கன்னத்தைப் பார்த்துத்தான் பேசினேன். அந்தக் காபியைக் குடிக்காமல் போனவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் என்ன? நான் குடித்துவிட்டுப் போனேன், அவ்வளவுதான்.

அச்சாகி வந்த படத்தை ஒட்டும் வேலையும் என்னிடமே வந்தது. தண்ணீரில் ஊறவைத்து, கல்லறையில் பதிக்கும் வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் நழுவவிட்டு, குமிழ் இல்லாமல் விரலால் நீவினேன். கப்பில் பூ ஒட்டுகிற அதே கைதான். உன் இடது கன்னத்தின் மேல் விரல் போனபோது அங்கே ஒன்றுமே இல்லை. பிறகு சூளைக்குள் வைத்தார்கள். சூளையில் வெந்த படம் வெயிலுக்கும் மழைக்கும் போகாது. அதுதான் நம் வேலையின் பெருமை என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

இன்று அந்த டைல்ஸைக் கழுவித் துடைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். போனில் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ஒரு கையால் டைல்ஸை முகத்துக்குக் கீழே பிடித்தேன். நீ சொன்ன மாதிரியே மூச்சை விட்டேன். உன்னை ஏமாற்றியவள் நேர் எதிரே திரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது.