ஏழு பச்சைக் கட்டங்கள்

ஆவணி 4, திங்கள்
புழுக்கம். வானம் கறுத்துவிட்டு ஏமாற்றியது. மாவு அரைக்க வேண்டும், கரன்ட் இல்லை.

அவருக்கு ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம். ஜிம்மில் லேசாகச் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் போன் ஆப்பில் பதிவு. தூக்கிய எடை, எத்தனை தடவை, நாடி, மூச்சு வாங்கல். ஆப் போடுகிற கிராஃபில் நாலு கோடும் பின்னிக்கொண்டு இடியாப்பம் மாதிரி. "எனக்கே புரியலைம்மா, பார்த்ததும் தெரியிற மாதிரி ஒரு சார்ட் போட்டுக் கொண்டு வாங்க" என்றார் டாக்டர்.

ஆவணி 6, புதன்
யோசனை என்னுடையது. பெருமைதான்.

அவர் சேலை டிசைன் வரைகிற கட்டத்தாள் வீடெல்லாம் கிடக்கிறதே. இனி ஆப் வேண்டாம். ஒரு நாளுக்கு ஒரு கட்டம். மூச்சு வாங்காவிட்டால் பச்சை. வாங்கினால் மஞ்சள். நெஞ்சு அடைத்து நிறுத்திவிட்டால் சிவப்பு. கலர் போடுவது அவர் வேலை.

ஆவணி 28, வியாழன்
டாக்டரிடம் போனோம். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். தாளைப் பார்த்ததும் டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "பளிச்னு இருக்கு. திங்கக்கிழமையிலருந்து வெயிட் ஏத்தலாம்."

பச்சை, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். சிவப்பு ஒன்றுகூட இல்லை. பஸ்ஸில் அவர் விசிலடித்துக்கொண்டு வந்தார். நான் தாளையே பார்த்துக்கொண்டு வந்தேன். போன வாரம் ஒருநாள் ஜிம்மிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டாரே. என்ன கிழமை அது?

ஆவணி 30, சனி
வாங்க: தயிர், கற்பூரம், அவர் மாத்திரை.

செவ்வாய். ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கட்டம் பச்சை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பச்சைக்கு அடியில் சிவப்பு.

கேட்டால் சிரிக்கிறார். "சுத்தியும் பச்சையா இருக்குது, நடுவுல ஒரே ஒரு செகப்பு நின்னா அது தப்பு கட்டம்மா. அப்படியே தறிக்குக் குடுத்தா சேலை கெட்டுப்பூடும். பக்கத்துக் கலரைப் போட்டுத் திருத்திட்டேன்."

"இது என்ன சேலையாங்க?"

"கைப்பழக்கம், சுமதி. என்னா, ஒரு மூணு நாலு இருக்கும்."

ஏழு. எண்ணிவிட்டேன். அதில் நாலு, கடைசிப் பத்து நாளில்.

ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. கிளினிக்கில் போன் எடுக்கவில்லை, இனி திங்கள் சாயங்காலம்தான். அதுவரை ஜிம் பக்கம் போகக் கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன்.

புரட்டாசி 1, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. மீன் சட்டியைப் பரணில் ஏற்றியாயிற்று.

குளித்துவிட்டு வந்தால் அவர் இல்லை. ஜிம் பையும் இல்லை. போனைக் கட்டிலிலேயே விட்டுப் போயிருக்கிறார்.

மேஜைமேல் சார்ட். இன்றைய கட்டத்தில் பச்சை, விரலில் ஒட்டுகிறது. நாளைக்கும் போட்டிருக்கிறார். நாளன்றைக்கும். வெள்ளிவரை அத்தனையும் பச்சை.

இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் பார். போகிறேன்