பத்துப் பேர் தைக்கிற வீடு

பத்துப் பேருக்கு முதலாளி அவர்களுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். தையல் மெஷின் மேல் டீ டம்ளரை வைக்காதீர்கள்.

நம் துணிப்பைகளை மொத்தமாக எடுக்க ஒரு ஆள் கிடைக்காதா என்று கடை கடையாக ஏறி இறங்கி நான் பிடித்தவர் அந்தக் கடைக்காரர். அவரிடம் போனில், "எங்ககிட்ட பத்துப் பேர் தைக்கிறாங்க" என்று அளந்துவிட்டீர்கள். "அப்ப நாளைக்கு மதியம் நேர்லயே வந்து பாக்கறேன்" என்றதும் போனை வைத்துவிட்டீர்கள். நேற்று நான் கத்தியது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் காரணம் இல்லாமல் கத்தவில்லை.

காலையில் நானே அவரைக் கூப்பிட்டு, பத்துப் பேர் எல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சிரித்தார். "தையல் நல்லா இருந்தா போதும்மா, வர்றேன்" என்றார். அவர் கேட்ட நீலத் துணி வாங்கப் போகிறேன், அவருக்கு முன்னால் வந்துவிடுவேன். கட்டிலில் கிடக்கும் பைகளை மேஜையில் அடுக்குங்கள். அவர் முந்திக்கொண்டு வந்துவிட்டால் விலை மட்டும் பேசாதீர்கள்.

இன்னொன்று. "அப்ப எத்தனை பேரும்மா?" என்று கேட்டார். நான் ஒருத்திதான் என்று சொல்ல வாய் வரவில்லை. ரெண்டு பேர் என்று சொல்லிவிட்டேன். ஊசியில் நூல் கோத்து வைத்திருக்கிறேன், அவர் வருவதற்குள் ஒரு பைக்காவது பொத்தான் தைத்துப் பழகுங்கள். கோணலாக வந்தால் பரவாயில்லை, புதிதாகச் சேர்ந்த ஆள் என்று சொல்லிக்கொள்கிறேன்.