மூன்று மிடறு டம்ளர்

மாமி,

நேற்று உங்கள் பேத்தி ஸ்டூலில் ஏறிக் குசினி அலுமாரியின் மேல்தட்டைக் கிண்டி, அந்தச் சின்ன சில்வர் டம்ளரை வெளியே எடுத்துவிட்டாள். பழைய அரிசித் தகரப் பேணிக்குப் பின்னால் நான்தான் ஒளித்து வைத்திருந்தேன். "அம்மா, இது பொம்மைக்கா?" என்றாள். அப்பாயியோடது என்றேன். "அப்பாயிக்கு அவ்வளவு சின்ன வாயா?" என்று கேட்டுவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். மூன்று மிடறு பிடிக்கும். நாலாவது மிடறுக்கு அண்ணாந்தால் அடித்தகடுதான் கண்ணுக்குத் தெரியும். அதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை, உங்களைத் தவிர.

அடுத்த மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் இருந்தபோது பேசியிருக்க வேண்டியது. நம் இருவருக்கும் வாய் நீளம் என்று தெருவே சொல்லும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வாயும் பூட்டிக்கொண்டன.

பிள்ளை தலை கீழே திரும்பாமல் குந்திக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன்தான் என்று கிளினிக்கில் சொன்ன நாளில் நீங்கள் அதை உங்களுக்கு நடந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டீர்கள். "நான் மூணு பெத்தேன். எங்க வீட்டுப் பொம்பளைங்க வயித்தக் கத்தி தொட்டதில்ல" என்றீர்கள். ஏதோ நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த மாதிரி. அன்றிலிருந்து என்னை முட்டி போட்டுத் தரை துடைக்க வைத்தீர்கள். குனிந்து துடைத்தால் பிள்ளை திரும்புமாம். வீடு முழுக்கத் துடைத்தேன், முற்றத்துச் சிமெந்தையும் துடைத்தேன். அவள் அசையவில்லை. பிடிவாதத்தில் அப்போதே உங்கள் பேத்திதான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். என் தாய்வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. அம்மா குவைத்தில் யாரோ பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். உங்கள் மகனுக்குச் சீகிரியாவில் ஹோட்டல் வேலை, கிழமைக்கு ஒரு நாள் தலையைக் காட்டுவார். ஆக, ஆஸ்பத்திரியை விட்டால் உங்கள் வீடு, உங்கள் வீட்டை விட்டால் ஆஸ்பத்திரி. எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

பையை அடுக்கிய விதத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள் ஆவேன். பிள்ளை பிறக்கும் முன் புதுத்துணி வாங்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். அதற்குப் பதிலாக உங்கள் பழைய பருத்திச் சேலைகள் நாலைக் கிழித்து, சுடுநீரில் அவித்து, காயவைத்து, மடித்து அடுக்கினீர்கள். வாசனைச் சரக்கு ஸ்டோரில் கராம்பு புடைத்த உங்கள் கைவாசம் அந்தத் துணிகளில் இருந்தது. அவ்வளவு மெத்தென்ற துணியைக் கடையில் விற்கமாட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம், நீங்கள் பிளாஸ்க்கோடு கட்டிலருகே நின்றபோது, நர்ஸ் மிஸ் வந்து உங்களைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பொறகு இவங்களுக்கு ஒண்ணும் குடுக்க வேணாம். தண்ணி கூட வேணாம்." நீங்கள் சாமி வாக்குக் கேட்டதுபோல் தலையாட்டினீர்கள்.

மறுநாள் காலையில் முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லை. ஆனால் வயிற்றுக்குள் யாரோ அலுமாரி லாச்சியைத் திறந்து துழாவுவது தெரிந்தது. பிறகு அவள் அழுதாள், நானும் அழுதேன். மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் நீங்கள் வந்தபோது என் உதடு வெடித்திருந்தது. "இன்னும் தண்ணி குடுக்கல" என்றார் மிஸ். நீங்கள் ஒரு துணியை நனைத்து என் உதட்டை ஒற்றினீர்கள். மணி அடித்தது, உங்களை வெளியே அனுப்பினார்கள். பின்னேரம் அதே மிஸ் வந்து, "இப்ப நல்லாக் குடிங்க, எவ்வளவு வேணும்னாலும் குடிங்க" என்றார்.

அந்த ஒரு வசனம் உங்கள் காதில் விழவில்லை, மாமி. மணி அடித்ததும் வெளியே போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த மற்ற நாட்களில் நான் குடிப்பதைப் பார்த்தபோதும், "வாட்டுல கேக்க ஆளில்ல, வீட்டுக்கு வா" என்றுதான் முணுமுணுத்தீர்கள்.

வீட்டுக்கு வந்தேன். த்ரீவீல் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் தையலைக் கையால் பொத்திக்கொண்டேன். பின் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினீர்கள். சன்னலை மூடி, இடுக்கில் சாக்குத் துணி திணித்தீர்கள். என் காதில் பஞ்சு, தலையில் துண்டு, தலையணைக்குக் கீழே இரும்புக் கத்தி. வயிறு தொங்கிவிடக் கூடாது என்று சேலைத் துணியை எட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்கினீர்கள். எழுந்து உட்கார முடியாமல் நான் தவித்ததைப் பார்த்து, சன்னல் கம்பியில் ஒரு சேலையைக் கட்டிவிட்டதும் நீங்கள்தான். அதைப் பிடித்து இழுத்துத்தான் எழுந்தேன். கட்டிப்போட்டதும் நீங்கள், எழும்பக் கயிறு கொடுத்ததும் நீங்கள். உங்களை முழுசாக வெறுக்கக்கூட நீங்கள் விடவில்லையே!

பிறகு இந்த டம்ளர் வந்தது. சோற்றுக்குப் பிறகு ஒரு தரம், சுக்குப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். "தாகமா இருக்கு மாமி" என்றால், "டாக்டருங்களே தண்ணி குடுக்காதன்னாங்க. நான் சொன்னா மட்டும் கசக்குதா? தண்ணி குடிச்சா தையல் சீழ் புடிக்கும்" என்பீர்கள். பால் ஊறவில்லை. பிள்ளை உறிஞ்சி உறிஞ்சிக் களைத்து வீறிட்டாள். அதற்கும் ஆபரேஷன்தான் குற்றவாளி. அம்மா குவைத்திலிருந்து போன் எடுத்தபோது சொன்னேன். "மாமி சொல்றதக் கேளும்மா, நான் பக்கத்துல இல்லயே" என்று அங்கே அழுதார். வெளியே நீங்கள் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கும்.

திருடினேன், மாமி. இது உங்களுக்குத் தெரியும். ஆனால் என் வாயால் சொன்னதில்லை. பாவட்டை இலை போட்டு அவித்த தண்ணீரில் என்னைக் குளிப்பாட்டுவீர்கள் அல்லவா? துவாய் எடுக்க நீங்கள் திரும்பும் நேரத்தில், வாளியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். கசப்பு, சூடு. அப்படி ஒரு ருசியை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை. நாலு நாள் காலையில் அப்படிக் குடித்தேன். ஐந்தாம் நாள் கட்டுக்குள் ஈரம் கசிந்தது, நாற்றம் வந்தது. சீழ்.

நீங்கள் சொன்னது பலித்துவிட்டது என்று நான் நம்பினேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான், கிளினிக் வகுப்பெல்லாம் ஒழுங்காகப் போனவள். இருந்தும் அந்த அறைக்குள் கிடந்தபோது வேறு எதையும் நம்ப முடியவில்லை. திருட்டுத் தண்ணீருக்குத் தண்டனை. இரண்டு நாள் காய்ச்சலை மறைத்தேன். "என்னா மொணங்குற?" என்று கேட்டீர்கள். ஒண்ணுமில்ல மாமி என்றேன்.

மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தது அப்போதுதான். கட்டை அவிழ்த்தார், முகம் மாறியது. நீங்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் ஓவென்று அழுதேன். "மிஸ், நான் தண்ணி குடிச்சிட்டேன். அதான் இப்பிடி ஆயிருச்சு."

அவருக்கு விளங்கவேயில்லை. "தண்ணி குடிச்சா என்ன? நெறையக் குடிக்கத்தானே வேணும்? பால் வேற எங்கயிருந்து வரும்?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், கட்டிலருகே இருந்த டம்ளரைப் பார்த்தார். "குளிச்ச ஈரத்தோட இப்பிடி இறுக்கிக் கட்டுனா புண்ணு எப்பிடிம்மா ஆறும்? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இந்தப் புள்ளைக்குத் தாய் இல்ல" என்று ஏசினார். நீங்கள் த்ரீவீல் கூப்பிட ஓடினீர்கள், காலில் செருப்புக்கூட இல்லை.

வாட்டில் எனக்கு ஒரு போத்தல் தண்ணீர் கிடைத்தது. உங்கள் முன்னால், ஒரே மூச்சில் அவ்வளவையும் குடித்தேன். மார்பெல்லாம் நனைந்தது. உங்களைப் பார்த்துக்கொண்டேதான் குடித்தேன். நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் குடித்தேன். நீங்கள் குனிந்து பிள்ளையின் தொப்பியைச் சரி செய்தீர்கள். நன்றாக இருந்த தொப்பி.

திரும்பி வந்தபோது என் தலைமாட்டில் பெரிய செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழியும்வரை சன்னலை மட்டும் நீங்கள் திறக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நானும் சரி, பரவாயில்லை மாமி என்று சொல்லவில்லை. மூன்று வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம்.

பிறகு உங்கள் சிறுநீரகம் கைவிட்டது. கால் வீங்கியது. கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: தேத்தண்ணி, கஞ்சி, மருந்து எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் போத்தல், அதற்கு மேல் போனால் நெஞ்சில் நீர் கோத்துவிடும். வீட்டில் கோப்பைக்கா பஞ்சம்? ஆனாலும் நான் போய் இந்த டம்ளரைத் தேடி எடுத்தேன். அளவுக்கு வசதி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய், மாமி. கட்டிலில் கொண்டுவந்து நீட்டியபோது நீங்கள் அதை அடையாளம் கண்டுகொண்டதை நான் பார்த்தேன். வாங்கினீர்கள், மூன்று மிடறு குடித்தீர்கள், திருப்பிக் கொடுத்தீர்கள்.

முதல் கிழமை எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது. "ஒரு மொடக்குக் குடு புள்ள" என்று கெஞ்சுவீர்கள். "டாக்டர் சொல்லியிருக்காரு மாமி" என்பேன். உங்கள் குரலேதான் என் வாயில் வந்தது. ஒருநாள் முகம் கழுவும் சாட்டில் குழாயில் வாய் வைத்தீர்கள். நான் வந்து குழாயை மூடினேன். ஈரக் கையோடு நீங்கள் சுவரைப் பிடித்து நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்குப் பாவட்டை இலை கசந்தது. அன்றைக்கே இந்த டம்ளரை விட்டெறிந்திருக்கலாம். அளவு பழகிவிட்டது என்று அதிலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னதை எவ்வளவு செய்தேன், என் வன்மம் சொன்னதை எவ்வளவு செய்தேன் என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கடைசி மத்தியானம் உங்களுக்கு நினைவு தடுமாறியிருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, கேட்பதைக் கொடுங்கள் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நான் டம்ளரைத் தளும்பத் தளும்ப நிரப்பி உங்கள் வாயருகே பிடித்தேன். ஒரு மிடறு குடித்தீர்கள். பிறகு என் கையைத் தள்ளி, டம்ளரை என் பக்கம் திருப்பினீர்கள்.

"நீ குடி" என்றீர்கள். "புள்ளைக்குப் பால் ஊறணும்ல. பச்ச ஒடம்பு."

நான் டம்ளரை மறுபடி உங்கள் பக்கம் திருப்பினேன்.

"குடி புள்ள, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மிச்சம் இருந்த இரண்டு மிடறையும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கக் குடித்தேன். நீங்கள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல். பிறகு கேட்டீர்கள், "இன்னும் வேணுமா?"

அன்றைக்கு அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, உங்கள் போர்வையைச் சரி செய்தேன். பொழுது சாயும் முன் நீங்கள் போய்விட்டீர்கள். திவசத்துக்கு என்ன படைப்பது என்று உங்கள் மகன் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் இந்த டம்ளரைப் புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன்.

வேணும், மாமி.