நாற்பத்து மூன்று பெயர்கள்

சேலையூர்,
17.11.1991

அன்பு மகள் ஞானஜோதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, மழை மூவரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. தபால்காரர் இப்போதெல்லாம் நம் வாசல் வந்ததும் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். ஒன்றும் இல்லை என்று தினமும் சொல்ல அவருக்கும் கூச்சமாக இருக்கும் அல்லவா.

போன வாரம் கேம்ப் ரோட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பரோடாவுக்குப் போன் போட்டேன். உன் ஹாஸ்டலில் ஓர் அம்மாள் எடுத்தார்கள். துண்டுச் சீட்டில் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த இங்கிலீஷைப் படித்தேன். அவர்கள் இந்தியில் ஏதோ பதில் சொன்னார்கள். என் சீட்டில் அதற்கு மேல் இல்லை. தேங்க் யூ சொல்லி வைத்துவிட்டேன். பூத்துக்காரர், "பொண்ணு நல்லா இருக்காங்களா சார்?" என்றார். நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அந்த அம்மாள் சொன்னது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று குரலை வைத்து யோசித்துக்கொண்டே வந்தேன்.

பிறகு உன் தோழி கிருபாவை ஆராதனை முடிந்ததும் அம்மா கோயிலில் பிடித்தாள். கிருபா சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாளாம். அம்மாவை உனக்குத் தெரியும். டிசம்பர் இரண்டாம் தேதி உங்கள் டிசைன் படிப்புக்குத் தேர்வு, எல்லோருடைய வேலையையும் சுவரில் மாட்டி, ஒருவர் வேலையை மற்றவர் அலசிப் பேச வேண்டும், நீ ஒரு மாதமாக வகுப்பில் வாயே திறப்பதில்லை, பேசாவிட்டால் தேர முடியாது, அதற்கு முன்னாலேயே படிப்பை விட்டுவிட்டு வந்துவிடப் போகிறாய் என்று சொன்னாள். "எங்க வீட்டுலயே வாயைத் திறக்காதேன்னுட்டாங்க. அடுத்தவங்க செஞ்சதைப் பத்தி நான் என்னத்தச் சொல்றது" என்று அவளுக்கு எழுதியிருந்தாயாம்.

அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் ஜன்னல் கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

வாயைத் திறக்காதே என்று எழுதினவன் நான்தானே. நீ ஆசையாகத்தான் அந்தக் கட்டுரையை அனுப்பியிருந்தாய். வீட்டிலிருந்து ஓர் அச்சடித்த பொருளை எடுத்து, அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, சொல்ல வந்ததைச் சொல்கிறதா என்று ஆராய்ந்து எழுதுங்கள் என்றாராம் உங்கள் வாத்தியார். மற்ற பிள்ளைகள் பிஸ்கட் டப்பா, காலண்டர் என்று எடுத்துக்கொள்ள, நீ உன் அக்கா பேபியின் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாய். எனக்காகத் தமிழிலும் ஒரு பிரதி எழுதி, வாத்தியார் பாராட்டினார் என்று ஓரத்தில் குறித்திருந்தாய். நான் ஓரத்தைப் படிக்கவில்லை. சிவப்பு அம்புக்குறிகளைத்தான் பார்த்தேன். கண் முதலில் புறாவுக்குப் போகிறது, அடுத்து தங்க எழுத்து வசனத்துக்கு, அப்புறம் அப்பாவின் பெயருக்கும் சேலையூர் விலாசத்துக்கும், அதன்பின் சொந்தக்காரர் பட்டங்களில் சிக்கிக்கொள்கிறது, கல்யாணம் நடக்கும் இடத்துக்குப் பதினேழாவதாகத்தான் வந்து சேர்கிறது என்று நம்பர் போட்டிருந்தாய். முடிவில் ஒரு வரி: "இந்தப் பத்திரிகை வர வேண்டியவர்களுக்காகச் செய்யப்படவில்லை, கோபித்துக்கொள்ளக் கூடியவர்களுக்காகச் செய்யப்பட்டிருக்கிறது."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அந்தப் பத்திரிகைக்கு வாசகம் எழுத நான் பட்ட பாடு எஸ்.எஸ்.எல்.சி.க்குக்கூடப் பட்டதில்லை. பட்டிருந்தால் அதை இரண்டு தடவை எழுதியிருக்க வேண்டாம். உடனே கார்டை எடுத்து, அப்பன் முகத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டத்தான் அவ்வளவு தூரம் போனாயா, இனி இந்த வீட்டைப் பற்றி வாயைத் திறக்காதே என்று எழுதிப் போட்டேன். கவரில்கூடப் போடவில்லை, திறந்த கார்டில். உங்கள் ஹாஸ்டலில் யாருக்கும் தமிழ் படிக்க வராது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பத்து நாள் முன்னால் எங்கள் எழும்பூர் பார்சல் ஆபீசில் ஒரு கடைக்காரர் மூட்டை கொண்டுவந்தார். தன் கடைப் பெயரை ஒரு சாண் உயரத்துக்கு எழுதி, போக வேண்டிய ஊரை மூலையில் எறும்பு மாதிரி எழுதியிருந்தார். வழக்கம்போலக் கத்தினேன். "உங்க பரம்பரையைப் படிச்சுட்டா போர்ட்டர் மூட்டை ஏத்தப் போறான்? ஊரைப் பெருசா எழுதுங்கய்யா. எங்க போவணும்னு தெரிய வேணாமா?" இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் சொல்லும் அதே வார்த்தைதான். கத்திவிட்டு டீ கிளாசை எடுத்தேன். வாய்வரை கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் பேபியின் பத்திரிகை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறினேன். தாம்பரம் வருவதற்குள் ஒன்பது பேரிடம் காட்டி, கல்யாணம் எங்கே என்று மட்டும் கேட்டேன். ஆறு பேர் சேலையூர் என்றார்கள். ஒருவர் சாப்பாடு உண்டா என்றார். ஒரு பெரியவர் மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்துப் பல்லாவரம் ஸ்டேஷனில் ஆரம்பித்து, சானடோரியம் ஸ்டேஷனில் மேற்குத் தாம்பரம் என்று சரியாகச் சொன்னார். கடைசி ஆள் மீன் கூடையோடு வாசல் ஓரம் நின்றவர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, வோட்டர் லிஸ்ட்டாட்டம் கீது. கண்ணாலம் யாருக்கு?" என்றார். கல்யாணம் ஆகி இரண்டரை வருஷம் ஆகிவிட்டது என்றேன். என்னை விட்டுச் சற்று நகர்ந்து நின்றார்.

நம் கோயிலுக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்ததால்தானே மேற்குத் தாம்பரம் கோயிலில் வைத்தோம். அதைச் சொல்கிற ஒரே வரி, பெயர்களுக்கெல்லாம் அடியில், பொடி எழுத்தில். வேதசிரோமணி பெரியப்பா குடும்பத்தோடு நம் சேலையூர் கோயிலுக்குப் போய், பூட்டின கதவைப் பார்த்து, ஆட்டோ பிடித்து, ரயில்வே கேட்டில் மாட்டி வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடம் சொல்லாமலா அழைப்பாய் என்று அவர் கேட்டதற்கு, படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பத்திரிகை என்று சபையில் வைத்துச் சொன்னேன். கூடப் பிறந்த அண்ணன். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

போன ஞாயிறு உன் கட்டுரையையும் பத்திரிகையையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு முடிச்சூரில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். முழங்கால் தண்ணீர். பெரியப்பா கதவைத் திறந்து, "என்னடா, வழி தெரிஞ்சுதா?" என்றார். நான் கட்டுரையைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். பதினேழாம் நம்பர் அம்புக்குறியில் விரலை வைத்தார். "என் பேரு மூணாவதா இருக்கான்னு பார்த்துட்டு மடிச்சு வெச்சுட்டேன்டா. என் மேலயும் தப்பு" என்றார். பெரியம்மா காப்பி கொண்டுவந்தார்கள். எனக்கு முகத்தைத் துடைக்க மழை சாக்காக இருந்தது.

அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன். பெரியப்பா பத்திரிகையைக் கையில் எடுத்து, பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். நாற்பத்து மூன்று. மறுபடியும் எண்ணினார். பிறகு, "இதுல ஜோதி பேரு எங்கடா?" என்றார்.

இல்லையம்மா. திண்டிவனத்துச் சித்தப்பாவின் மைத்துனர் பெயர் இருக்கிறது. என் மேலதிகாரி பெயர் இருக்கிறது, அவர் வரவே இல்லை. உன் பெயர் இல்லை. அச்சாபீஸ் பட்டாபிராமன் அன்று, "சார், ஒரு வரி இடிக்குது. இடத்தைப் பொடி எழுத்துல போடட்டுமா, இல்ல ஒரு பேரைத் தூக்கட்டுமா?" என்றார். ரெண்டும் பண்ணுங்க என்றேன். யார் பெயரை என்று கேட்டார். கோபித்துக்கொள்ளாத ஆள் யார் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சின்னவ பேரை எடுத்துடுங்க, அவ வீட்டுப் பொண்ணுதானே" என்றேன்.

பெரியப்பா இன்னொன்றும் சொன்னார். "அன்னிக்கு அந்தப் பூட்டின கேட்டாண்ட வெயில்ல நின்னு, வர்றவங்களை எல்லாம் மேற்குத் தாம்பரத்துக்கு அனுப்பிக்கிட்டு இருந்தது அந்தப் பொண்ணு ஒண்ணுதான். எங்களுக்கு ஆட்டோ பிடிச்சுக் குடுத்ததே அவதான்." ஆள் தவறிப் போகிறார்கள் என்று தெரிந்ததும் போய் நில் என்று உன்னை அனுப்பினதும் நான்தான். தாலி கட்டுவதை அண்ணன் பார்க்கவில்லை என்பது எனக்கு இரண்டரை வருஷம் ஞாபகம் இருந்தது. நீயும் பார்க்கவில்லை என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தோம். கோயிலுக்குள் எடுத்த படம் ஒன்றில்கூட நீ இல்லை. அம்மா ஆல்பத்தை மூடாமல் அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆறு பக்கம் எழுதினாயே. புறா பெரிதாக இருக்கிறது, தங்க மை கண்ணைக் கூசுகிறது, பட்டங்கள் அதிகம் என்று எதையும் விடவில்லை. இருபத்தாறு பேர் தவறான கோயிலுக்கு வந்தார்கள் என்று கணக்காக எழுதினாய், அது உனக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. உன் பெயர் இல்லாத அந்த ஒரு குறையை மட்டும் நீ ஏன் எழுதவில்லை? அதை எழுதியிருந்தால் அப்பாவுக்கு வலிக்கும் என்றா? நான் அதற்குக் கார்டு போட்டேன்.

ஆகையால் டிசம்பர் இரண்டாம் தேதி பேச வேண்டும். அடுத்தவர் செய்ததைச் சுவரில் பார்த்து, கண் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று உனக்குத் தெரிந்ததைச் சொல்லு. அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எனக்குப் புரிய ஆறு வாரம் ஆயிற்று, அந்தப் பிள்ளைகள் படித்தவர்கள், சீக்கிரம் புரியும். இங்கிலீஷ் தடுக்கினால் அம்புக்குறி போட்டுக் காட்டு. எனக்கு அதுதான் புரிந்தது.

பேபியின் பிள்ளைக்கு டிசம்பர் 29 ஞாயிறு காலை நம் கோயிலில் ஞானஸ்நானம். பெரியப்பா வந்து ஜெபம் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார். அழைப்புக்கு நானே வாசகம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். புறா கிடையாது. இடத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன், பட்டாபிராமன் பார்சல் மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறார். சிவப்பு மையில் திருத்தி அனுப்பு. எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுது. உன் பெயர் எந்த இடத்தில் வர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எங்கே வைத்தாலும் தப்பாகத்தான் படுகிறது. அதற்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன், நீயே வைத்துவிடு.

தேர்வு முடித்து, லீவுக்கு வருகிற பிள்ளையாக வா. பெட்டியில் பாதியை அங்கேயே விட்டு வா. அதற்கு முன் ஒரு கார்டாவது போடு, இரண்டு வார்த்தை போதும், திட்டியே எழுதினாலும் சரி. கர்த்தர் உன் கண்ணையும் நாவையும் காப்பாராக.

உன் பதிலுக்கு வாசலில் நிற்கும்
அப்பா,
ஏசுபாதம்