ஒரு கோடுதான் பாக்கி

என் தங்கத் தம்பி முத்துவுக்கு,

நீ போய் இந்த ஆடியோடு ரெண்டு வருஷம். உன் சீன எழுத்து நோட்டு இப்போது என் மேஜையில் இருக்கிறது. மிஷின் வாங்கக் கம்பெனியில் சீனாவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று, முப்பத்தெட்டு வயதில் கட்டம் போட்ட நோட்டோடு உட்கார்ந்தாயே. "ஒண்ணாங்கிளாஸ்ல எழுத மாட்டேன்னு அழுதவன், இப்பம் என்னமா எழுதுதான் பாரு" என்று அம்மா சிரித்தாளே, நினைவிருக்கிறதா?

அந்தக் காலையில் எனக்கு டவுன் பஸ் போய்விட்டது. நீ சாப்பாட்டு மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாய்.

"ஏலே, என்னைய ஆபீஸ்ல விட்டுட்டு வா."

"ஒரு கோடுதான்க்கா பாக்கி. இந்தா, போட்டுட்டு வாரேன்."

"வந்து போட்டுக்கோலே. உன் கோடு எங்கயும் ஓடிராது."

பேனாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாய். என்னை விட்டுவிட்டுத் திரும்பும்போது, ஆற்றுப் பாலத்தில், அந்த லாரி.

ஒரு கோடு என்று நீ சொன்னதை வெறும் பேச்சுக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அஞ்சு நிமிஷம் என்று சொல்லி அரை மணி நேரம் ஆக்குகிறவன்தானே நீ.

நோட்டின் கடைசி வரி முழுக்க ஒரே எழுத்து. பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி. கடைசிக் கட்டத்தில் மட்டும் பெரிய பெட்டிக்கு அடிக்கோடு இல்லை. அது வேறு எழுத்து என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஆறு மாதம் முன்னால், நீ படித்த அதே ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். ஏன் என்று கேட்காதே. நம் 'ப' எழுதிப் பழகின கைதானே. இடது பக்கம் இறங்கி, கீழே போய், வலது பக்கம் ஏறி, மேலே மூடியும் போட்டுவிட்டேன். அப்புறம் உள்ளே சின்னப் பெட்டி. கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் சிரித்துவிட்டார். "கதவ அடச்சிட்டு ஆள எப்பிடிக்கா உள்ள விடுவீங்க? உங்க தம்பியும் மொதல்ல இப்பிடித்தான்." இடப்பக்கக் கோடு, மேலே போய் மடங்கி வலப்பக்கம் இறங்கும் கோடு, உள்ளே இருக்க வேண்டியது. எல்லாம் முடிந்த பிறகுதான் அடிக்கோடு.

அன்றைக்குத்தான் புரிந்தது. நீ எண்ணித்தான் சொல்லியிருக்கிறாய். ஒரே ஒரு கோடு. தினமும் எழுதிப் பார்க்கிறேன், முத்து. கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதை உனக்குக் கொடுத்திருந்தால் லாரி பாலத்தைத் தாண்டிப் போயிருக்குமா? இல்லை, அப்போதும் வந்திருக்குமா?

எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால் நீ நிற்கிறாய். அடிக்கோட்டுக்கு வந்ததும் உன் மூச்சு நின்றுவிடுகிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன வாரம் அம்மா அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே, "ஏட்டி, அந்த ஒண்ணையும் நீ போட்டு முடிச்சிரு. பிள்ளைக்கு அங்கன மனசு கெடந்து அடிக்கும்" என்றாள். பேனாவைத் திறந்தேன். நுனி தாளில் பட்டது. இழுக்க முடியவில்லை. ஒரு புள்ளி விழுந்துவிட்டது, மன்னித்துவிடு. அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டாள். தெரியாது என்றேன். 'திரும்பி வருவது' என்று டீச்சர் அர்த்தம் சொல்லியிருந்தார்.

என் நோட்டில் நான் முறை தப்பாமல் எழுதிப் பழகுவேன். உன் கட்டத்தை யாரையும் தொடவிட மாட்டேன், நானும் தொடமாட்டேன். வந்து போட்டுக்கோ என்று சொன்னவள் நான்தானே.

பஸ்ஸைத் தவறவிட்ட
உன் அக்கா